இரண்டாம் பிரசவத்துக்கு யார் பதில் சொல்வது

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் அவளுக்குப் பெயர் பிரேக் மேடம். யார் வைத்த பெயரோ தெரியவில்லை. அவளிடம் படித்துத் தேறிய யாரோ ஒரு புண்ணியவான் வைத்திருக்க வேண்டும். பள்ளியின் காரில் ஓட்டுகிறவர் காலடியில் ஒரு பிரேக் இருப்பது போல, பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒன்று உண்டு. கற்றுக்கொடுப்பவர் மிதிப்பதற்கு. மற்ற ஆசிரியர்கள் அதை மிதித்தால் வண்டி தூக்கிப் போடும், ஓட்டுகிறவருக்கு முகம் சுண்டிப் போகும், அன்றோடு வகுப்புக்கு வராமல் நின்றவர்களும் உண்டு. இவள் மிதித்தால் மிதித்ததே தெரியாது. வண்டி தானாக நின்றது போல நிற்கும். "பாத்தீங்களா மேடம், கரெக்டா நிறுத்திட்டேன்" என்பார் ஓட்டியவர். "ஆமா சார், நல்லா நிறுத்தினீங்க" என்பாள் இவளும், சிரிப்பை அடக்கிக்கொண்டு. இப்படித் தாங்கள்தான் ஓட்டுகிறோம் என்று நம்பவைத்தே எத்தனையோ பேரை ரோட்டுக்கு அனுப்பியிருக்கிறாள். அதில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வம்தான்.

அப்பேர்ப்பட்டவள் ஏழு மாத வயிற்றோடு டாக்டரம்மாவின் மேஜைக்கு முன்னால் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கணவன்.

"ரெண்டு வழியும் திறந்துதான் இருக்கு" என்றார் டாக்டரம்மா. "நார்மலா விட்டா, ரெண்டாவது நிறைய பேருக்குச் சுலபமாத்தான் நடக்கும். ஆனா உங்களுக்குப் போன தடவ ஆழமாக் கிழிஞ்சிருக்கு. மறுபடி கிழியலாம், கிழியாமலும் போகலாம். ஆபரேஷன்னா முன்கூட்டியே ஒரு தேதி வச்சுப் பண்ணிடலாம். அதுலயும் சிக்கலே வராதுன்னு சொல்ல முடியாது, ஆறவும் நாளாகும். ரெண்டையும் சொல்லிட்டேன். முடிவு உங்களுது."

கணவன் முந்திக்கொண்டான். "அவ இஷ்டம்தான் டாக்டர். அவ என்ன சொன்னாலும் எங்களுக்குச் சம்மதம்."

டாக்டரம்மா அவளைப் பார்த்தார். அவள் கணவனைப் பார்த்தாள். கணவன் சுவரில் ஒட்டியிருந்த கொழுகொழு குழந்தையின் படத்தைப் பார்த்தான். அந்தக் குழந்தை யாரையும் பார்க்காமல் கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டிருந்தது. "சரி, இன்னிக்கே சொல்லணும்னு இல்ல. அடுத்த தடவ வரும்போது சொல்லுங்க" என்று டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்தினார். நாற்சந்தியில் நான்கு பக்கமும் லாரி வரும்போது கண்ணிமைக்கிற நேரத்தில் முடிவெடுக்கிறவளுக்கு இரண்டு வாரம் தவணை கிடைத்தது.

இந்த இடத்தில் அவளுடைய முதல் பிரசவத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு ஒன்றும் விளங்காது. அது ஒரு சுகப்பிரசவம். அப்படித்தான் உறவு முழுக்கச் செய்தி போனது. கணவன் வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் சுகமாகவே பெற்றவர்கள். பரீட்சையில் முதல் வகுப்பு வாங்கியதைச் சொல்வது போல அதைச் சொல்லிக்கொள்வார்கள். அந்த வரிசையில் இவளும் சேர்ந்தாள். ஒரு பகலும் ஓர் இரவும் வலித்து, குழந்தை பாதி வழியில் நின்றுபோய், அதன் தலையில் உறிஞ்சும் கப் வைத்து இழுத்தெடுத்து, அந்த இழுப்பில் கிழிந்து, கிழிந்ததைத் தைத்து, தைத்தது பழுத்து, அதை மறுபடி தைத்து, மாதக்கணக்கில் ஒருக்களித்தே உட்கார்ந்து பால் கொடுத்த சுகம். வண்டியில் மறுபடி ஏறியபோது அடியில் இரண்டு தலையணை போட்டுத்தான் ஏறினாள். கற்றுக்கொள்ள வந்தவர்கள், மேடத்துக்கு ரோடு மறைக்கிறது போல என்று நினைத்துக்கொண்டார்கள்.

இதையெல்லாம்கூட அவள் மறந்திருப்பாள். உடம்புக்கு மறதி அதிகம். மறக்காதது வேறொன்று. இரவு பாதி தாண்டியபோது அவள், "முடியல டாக்டர், அறுத்து எடுத்துடுங்க" என்றாள். அது வேறு ஆஸ்பத்திரி, வேறு டாக்டர், அவசரக்காரர். கணவன் மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். துணைக்கு உள்ளே இருந்தது மாமியார்தான். டாக்டர் இவள் சொன்னது காதில் விழுந்த மாதிரியே காட்டிக்கொள்ளாமல், இவளுக்கு மேலாக, மாமியாரிடம் கேட்டார். "என்னம்மா, ஆபரேஷன் பண்ணிடலாமா, இன்னும் கொஞ்சம் பாக்கலாமா?"

மாமியார் சொன்னார். "இன்னும் கொஞ்சம் பாக்கலாம் டாக்டர். அவ தைரியசாலி."

அவ்வளவுதான். தன் உடம்பைப் பற்றிய கேள்விக்குத் தன்னைப் பாராட்டியே தன் வாயை அடைத்த விதத்தை அவள் அப்படியே படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு காலைவரை பார்த்தார்கள்.

மகளுக்கு இப்போது ஐந்து வயது. இந்த ஐந்து வருஷத்தில் மாமியாரும் மருமகளும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. சொல்லப்போனால் மாமியார்தான் பேத்தியைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கு அனுப்பி, கூட்டி வந்து வளர்க்கிறார். அவர் இல்லையென்றால் இவள் வேலைக்கே போயிருக்க முடியாது. அந்த நன்றி ஒரு பக்கம், அந்த ராத்திரி ஒரு பக்கம். இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொண்டு ஒரே சமையலறையில் நிற்பது லேசான காரியமில்லை.

ஆக, அவளுக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்குத் தெளிவாகவே தெரியும். ஆபரேஷன் வேண்டும். தேதி குறித்து, நடந்துபோய்ப் படுத்து, குழந்தையோடு எழ வேண்டும். ஆனால் அதை வாயால் சொல்வது, போன தடவை நீங்கள் செய்தது தப்பு என்று மாமியாரின் முகத்துக்கு நேரே சொல்வதாகிவிடும். பேத்தியின் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறவரிடம் அதை எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டாலோ, மறுபடியும் அதே மாதிரி ஒரு கட்டில், மறுபடியும் தனக்கு மேலாக யாரோ யாரிடமோ கேட்கப்போகும் ஒரு கேள்வி.

இன்னொரு சங்கடமும் இருந்தது. அந்த வீட்டில் யாரும் எதையும் வாயால் சொல்வதில்லை. முன்பெல்லாம் அப்படியில்லை, கல்யாணமாகி வந்த புதிதில், கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்பது வரை மாமியார்தான் உத்தரவு போடுவார். என்ன ஆயிற்றோ, பேத்தி பிறந்ததிலிருந்து அவர் வாயில் ஒரே பதில்தான். ராத்திரிக்கு என்ன சமைக்கலாம் அத்தை? உன் இஷ்டம். ஜன்னலுக்கு எந்தத் துணி போடலாம்? உன் இஷ்டம். வயசானால் இப்படித்தான் ஒதுங்கிவிடுவார்கள் என்றான் மகன். ஏதோ கோபம், பேச்சில் காட்டாமல் இப்படிக் காட்டுகிறார் என்று மருமகள் நினைத்தாள். மகனோ பிறந்ததிலிருந்தே எவர் இஷ்டத்துக்கும் தலையாட்டுகிற ஆள். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, கடைசியில் பெயின்டர் தன்னிடம் மிச்சமிருந்ததை அடித்துவிட்டுப் போனதால், வரவேற்பறைச் சுவர் பல் வலிக்காரன் கன்னம் போல ஒரு நிறத்தில் இருந்தது. யாருக்கும் பிடிக்கவில்லை. எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள்.

வீட்டில்தான் இப்படி. வெளியே கருத்துக்குப் பஞ்சமே இல்லை. வயிறு தெரிய ஆரம்பித்த நாளிலிருந்து, ஸ்டியரிங்கைப் பிடிக்கத் தெரியாதவர்கள்கூடப் பிரசவம் பார்க்கத் தெரிந்தவர்களாகிவிட்டார்கள். அதிலும் மேனேஜர் சார் என்று ஒருவர். பெரிய கம்பெனியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், லைசென்ஸ் பரீட்சையில் ஏற்கெனவே சறுக்கியவர்.

"நார்மலே நல்லது மேடம்" என்றார், இடது பக்கம் திரும்புவதற்கு வலது பக்க விளக்கைப் போட்டுக்கொண்டே. "எங்க வீட்ல மூணும் நார்மல். ஒண்ணுமே தெரியல."

"யாருக்கு சார் தெரியல? உங்களுக்கா?"

மேனேஜர் சார் அதை யோசித்துக்கொண்டே நடைபாதை மேல் ஒரு சக்கரத்தை ஏற்றினார். அவள் பிரேக்கை மிதித்தாள். "நல்லவேளை, நிறுத்திட்டேன்" என்று அவர் மூச்சு விட்டார். அவர் மனைவிக்கு ஒன்றும் தெரியாமல் போனதும் இந்த மாதிரிதான் இருந்திருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லவில்லை. படிக்க வந்தவரை நோகடிக்கக் கூடாது.

பெற்ற தாயிடம் போனில் கேட்டுப் பார்த்தாள். "நான் என்னடி சொல்றது? அங்க உன் மாமியார் இருக்காங்க, அவங்களக் கலந்துக்கோ. நான் ஒண்ணு சொல்லி, அது அவங்களுக்குப் பிடிக்காமப் போயி, எதுக்கு வம்பு" என்றாள் அம்மா. பிறகு அரை மணி நேரம் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினாள். அந்த விஷயத்தில் அவளுக்கு உறுதியான கருத்துகள் இருந்தன.

மிஞ்சியது கணவன். அவனுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை ஆட்களை உயரமான நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்பதுதான் தொழில். ஊரில் எல்லோருக்கும் எது தெளிவு என்று கண்டுபிடித்துக் கொடுக்கிறவனுக்குத் தன் பார்வை என்று ஒன்று இருப்பதாகவே தோன்றியதில்லை. நல்லவன். அதுதான் கஷ்டமே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அவள் நேராகவே கேட்டாள். "உங்களுக்கு என்ன தோணுது, அத மட்டும் சொல்லுங்க."

"எனக்கு என்ன இருக்கு, உனக்கு எது வசதியோ அது."

"அது தெரியும். உங்களுக்கு என்ன தோணுதுன்னு கேட்டேன்."

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு தொழில் கைகொடுத்தது. எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "சரி, கண்ண மூடு. வலி வருது, போறோம், தானா பொறக்குது. இது ஒண்ணு. அத விடு. இப்ப தேதி வச்சுப் போறோம், மயக்க ஊசி, ஆபரேஷன். இது ரெண்டு. எது தெளிவாத் தெரியுது?"

"ரெண்டும் மங்கலாத்தான் தெரியுது" என்றாள்.

"அப்போ பவர் மாத்தணும்" என்றான் அவன், தன்னையறியாமல். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவனுக்குப் பிடிபடவில்லை. மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து நீட்டினான். "எதுக்கு அழற? நீ எவ்வளவு தைரியசாலி, போன தடவ ஒரு சத்தம் போடலயே நீ. அம்மா சொன்னாங்களே" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான் பாவம். அந்த வார்த்தையைக் கேட்டதும் அவளுக்கு அழுகை நின்று கோபம் வந்தது. துண்டை வாங்கி மறுபடி மடித்து வைத்தாள்.

மாமியாரைப் பற்றி அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. வாய் உன் இஷ்டம் என்றாலும் கால் பிரேக்கில்தான் இருக்கிறது என்கிற சந்தேகம். ஆறாம் மாதத்திலிருந்து மாமியார் அவளை நடக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்ததும் முதல் கேள்வி, "இன்னிக்கு நடந்தியா?" என்பதுதான். நல்லதாக ஒரு ஜோடி செருப்புகூட வாங்கி வாசலில் வைத்திருந்தார். நடந்தால் என்ன ஆகும்? நார்மலாகப் பிறக்கும். ஊரே சொல்கிறது. போதாக்குறைக்கு ஒருநாள் வீட்டுக்குள் நுழையும்போது, மாமியார் யாரோ உறவுக்காரியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "எனக்கென்ன தெரியும்? என்னைக் கேக்காத. அவ என்ன சொல்றாளோ அதான். நான் வாயே திறக்கப்போறதில்ல." குரலில் ஒரு கடுப்பு இருந்தது. தன்மேல்தான் என்று இவள் எடுத்துக்கொண்டாள்.

மிதித்தது தெரியாமல் மிதிக்கிற வித்தையில் ஊருக்கே வாத்தியார் அவள். தொழில் தெரிந்தவர்களுக்கு இது ஒரு வியாதி. தையல்காரர் பேசுகிறவரின் முகத்தைப் பார்க்காமல் சட்டைக் காலரைப் பார்ப்பார், இவள் எதிராளியின் காலைப் பார்ப்பாள். உன் இஷ்டம் உன் இஷ்டம் என்று சொல்லிச் சொல்லியே, மாமியார் தான் நினைத்த இடத்தில் இவளைக் கொண்டுபோய் நிறுத்தப் பார்க்கிறார் என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. அப்புறம் எதற்குப் போராட்டம் என்று ஒரு சலிப்பும் வந்தது. ஐந்து வருஷம் மென்று விழுங்கியதை இன்னும் கொஞ்ச நாள் விழுங்கினால் ஆயிற்று. நார்மல் என்றே சொல்லிவிடுவோம், வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. டாக்டரம்மாவிடம் போக வேண்டிய நாள் காலையில், முடிவெடுத்துவிட்டேன் என்று கணவனிடம் சொன்னாள். "என்ன?" என்றான். "நார்மல்" என்றாள். "நல்லது" என்றான். ஆபரேஷன் என்றிருந்தாலும் அதே நல்லதுதான் வந்திருக்கும். சட்டையைத் தேய்த்துக்கொண்டே சொன்னான்.

கிளம்பும்போது மாமியாரும் செருப்பை மாட்டினார்.

"நீங்க எதுக்கு அத்தை? பாப்பா?"

"பாப்பாவ எதிர் வீட்ல விட்டுட்டேன். நானும் வரேன்."

கேட்காமல் எதையும் செய்யாத மனுஷி கேட்காமலே கிளம்புகிறார். சரிதான், கூடவே வந்து உறுதிப்படுத்திக்கொள்ளப் போகிறார் என்று எண்ணிக்கொண்டாள். ஆட்டோவில் நடுவில் இவள், இந்தப் பக்கம் கணவன், அந்தப் பக்கம் மாமியார். வழி முழுக்க மாமியார் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக வந்தார். ஆட்டோக்காரர் திருப்பத்தில் வேகமாகப் போனபோது மட்டும் பழக்கதோஷத்தில் இவள் வலது காலை அழுத்தினாள்.

டாக்டரம்மா மூன்று பேரையும் உட்காரவைத்தார். "என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

"நார்மலே பாத்துக்கலாம் டாக்டர்" என்றாள். மனப்பாடம் செய்து வந்ததை ஒப்பிக்கிற பிள்ளையின் குரல்.

டாக்டரம்மா உடனே எழுதிவிடவில்லை. "சரி. அதுக்கு முன்னாடி ஒண்ணு. போன தடவ என்ன ஆச்சுன்னு ரிப்போர்ட்ல படிச்சிருக்கேன். உங்க வாயால நீங்க சொல்லி நான் கேக்கலயே. சொல்லுங்க."

"அது... நார்மல்தான். லேட்டாச்சு. கப் வச்சு எடுத்தாங்க. கொஞ்சம் தையல் போட்டாங்க. அவ்வளவுதான்."

"கொஞ்சம் இல்ல" என்று ஒரு குரல் வந்தது.

மாமியார்தான். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல், மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு பேசினார். "கொஞ்சம் இல்ல டாக்டர். ரொம்ப. அந்த டாக்டர் என்கிட்டதான் கேட்டாரு. ஆபரேஷன் பண்ணலாமா, பாக்கலாமான்னு. இவ முடியல முடியலன்னு சொல்லிட்டிருந்தா. என் காதுல விழுந்துது. நான் பாக்கலாம்னுட்டேன்."

கணவன் அம்மாவைப் பார்த்தான்.

"எனக்கு ஆபரேஷன்னா பயம். சின்ன வயசுலேர்ந்து கத்தின்னாலே கை கால் உதறும். இவள உள்ள கொண்டுபோனா திரும்பி வருவாளான்னு எனக்குப் பயம். அத எப்படிச் சொல்றதுன்னு தெரியாம, அவ தைரியசாலின்னு சொல்லி வச்சேன். பயந்தது நான். தைரியம்கிற பேர மட்டும் இவ தலையில கட்டிட்டேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "அப்புறம் இவ ஒருக்களிச்சு உக்காந்து பால் குடுக்கறதப் பாத்துப் பாத்து, இனிமே இந்த வாயால யாருக்கும் எதையும் சொல்றதில்லன்னு வச்சிக்கிட்டேன். எங்க நாம ஒண்ணு சொல்லி அது இப்படி முடிஞ்சிடுமோன்னு. ஒரு ஜன்னல் துணி வாங்கக்கூட வாய் வரமாட்டேங்குது."

"அப்போ நட நடன்னு சொன்னீங்களே" என்றாள் மருமகள். கேட்க வேண்டியது எத்தனையோ இருக்க, வாயில் வந்தது இதுதான். "நார்மலாப் பொறக்கணும்னுதானே சொன்னீங்க?"

மாமியார் இப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே புரியாத பார்வை. "அதுக்கா? எப்படிப் பெத்தாலும் அப்புறம் எழுந்து நடக்கணுமேம்மா. போன தடவ செவத்தப் பிடிச்சுப் பிடிச்சு நடந்தியே. உடம்புல கொஞ்சம் தெம்பு இருக்கட்டும்னுதான்."

மற்றவர் காலைப் பார்த்தே கணக்குப் போடும் பிரேக் மேடம், பிரேக்கில் காலையே வைக்காத ஒருத்தியின் காலைப் பார்த்து இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது அவளுக்கு. வெட்கத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. இதைச் சொல்ல ஐந்து வருஷமா? ஒரே சமையலறையில் நின்றுகொண்டு, ஒரே பிள்ளையை இடுப்பில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு?

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே அத்தை" என்றாள்.

"நீ கேட்டா சொல்லிடலாம்னு இருந்தேன். நீ கேக்கவேயில்ல."

"நீங்க சொல்வீங்கன்னு நான் இருந்தேன்."

கணவனுக்கு அப்போதுதான் பேச்சு வந்தது. "இதெல்லாம் எனக்கு யாருமே சொல்லலயே."

"நீங்க யார்கிட்டயாவது கேட்டீங்களா?" என்றார் டாக்டரம்மா, சாதாரணமாக. அவன் மறுபடி சுவரிலிருந்த குழந்தையிடம் பார்வையைத் திருப்பினான். பாவம், அந்த அறையில் அவனைக் குற்றம் சொல்லாத முகம் அது ஒன்றுதான்.

டாக்டரம்மா காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அவளிடம் திரும்பி, மறுபடி முதலிலிருந்து கேட்டார். "சொல்லுங்க. என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

"ஆபரேஷன்" என்றாள். சொன்ன பிறகு இன்னும் ஒன்று பாக்கியிருப்பது போலத் தோன்றியது. "எனக்குப் பயமா இருக்கு டாக்டர்."

யாரும் மயங்கி விழவில்லை. கூரையும் இடியவில்லை. இத்தனை வருஷம் கட்டிக் காப்பாற்றிய பெயர் அவ்வளவு லேசாக இறங்கிவிட்டதில் அவளுக்கே ஆச்சரியம். "பயமா இருக்கறதும் ஒரு காரணம்தான்" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா எழுதினார்.

"அந்தத் தேதிக்கு முன்னாடியே வலி வந்துட்டா?"

"வந்தா உடனே வாங்க. நிலைமை என்னன்னு சொல்வோம். அப்பவும் உங்களத்தான் கேப்போம்."

வீடு திரும்பிய பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். உண்மையைச் சொன்னதும் மாமியாருக்கு நெஞ்சு லேசாயிற்று, மருமகளுக்குப் புண் ஆறியது, எல்லோரும் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்று நினைக்காதீர்கள். மருமகள் நாலைந்து நாள் முகம் கொடுத்தே பேசவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில். கோபம் நியாயம்தானே, மாமியாரும் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் ஐந்து வருஷம் அடைத்து வைத்த வாய் திறந்தால் லேசில் மூடுமா? முதலில் சமையலில் உப்பு பற்றி ஒரு கருத்து வந்தது. மறுநாள் ஜன்னல் துணி சகிக்கவில்லை என்று வந்தது. அந்த வார இறுதியில் வரவேற்பறையில் நின்று நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்றாவிய யாரு அடிக்கச் சொன்னது?" என்றார். கோபத்தில் இருந்த மருமகளுக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சமையலறைக்குள் ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சிரித்தாள்.

மேனேஜர் சாருக்கு விஷயம் தெரிந்தபோது, ஓட்டிக்கொண்டிருந்த வண்டியை ஓரமாக நிறுத்தி, முதல் தடவையாகத் தானே சரியாக நிறுத்தி, திரும்பிப் பார்த்தார். "ஆபரேஷனா மேடம்? நீங்களா?" என்றார், ஏதோ கட்சி மாறிவிட்டது போல. "நானேதான் சார். கையக் காட்டிட்டு வண்டிய எடுங்க" என்றாள்.

தேதி வரைக்கும் வலி வரவில்லை. அன்று காலை ஆஸ்பத்திரியில் அவளைப் பச்சை அங்கியில் போட்டு, தலையில் தொப்பி மாட்டி, தள்ளுகட்டிலில் படுக்கவைத்தார்கள். இடுப்புக்குக் கீழே மட்டும்தான் மரத்துப்போகும், நினைவு இருக்கும், தலைமாட்டில் துணைக்கு ஒருவர் உட்காரலாம் என்று நர்ஸ் ஏற்கெனவே சொல்லியிருந்தார். கணவன் அதற்கு நன்றாகவே தயாராகியிருந்தான். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, அங்கியைத் திருப்பிப் போட்டு, நர்ஸ் கண்டித்து, மறுபடி நேராகப் போட்டு நின்றான். மாமியார் எதிர்ச் சுவரோரம் இருந்த பெஞ்சில், முடிந்த அளவு தள்ளி, ஆபரேஷன் அறையின் கதவு கண்ணில் படாத மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"யாரு கூட வராங்க?" என்றார் நர்ஸ், கணவனைப் பார்த்துக்கொண்டே.

"அத்தை வரட்டும்" என்றாள் அவள்.

கணவன் அங்கியோடு நின்றான். இது பாசமா, பழிவாங்கலா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் இருந்திருக்கும். போன தடவை உள்ளே நடந்தது அவர்கள் இருவருக்கும்தான் தெரியும், இந்தத் தடவையும் அவர் பார்க்கட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அவ்வளவுதான்.

மாமியார் பெஞ்சை விட்டு எழுந்தார். எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டார். ஒருவழியாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, குனிந்து, நர்ஸுக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"நானாம்மா? அவனே வரட்டும். எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

அவள் போர்வைக்குள்ளிருந்து கையை வெளியே எடுத்து நீட்டினாள்.

"எனக்கும்தான் அத்தை. வாங்க."